கருவி செய்கிறவரைத் தேடிப் போகும்போது

செட்டிநாட்டுப் பக்கம் இசை பழகுகிறவர்கள் கருவி வாங்கவோ பழுது பார்க்கவோ முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் விற்கிற வீணையின் குடத்தைக் குடைந்தவர் அவரில்லை, மிருதங்கத்துக்கு மூட்டு கட்டியவரும் அவரில்லை. நாதம் ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சேர்வது எப்படி, போனபின் எப்படிப் பேசுவது, அந்தப் பழக்கத்தை எப்படி வளர்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வருகிறவர்களை எல்லாக் கருவிக்காரரும் பார்த்திருக்கிறார்கள். வாங்கிப்போய் ஆறு மாதம் வாசித்துவிட்டு, ‘இந்த இடத்தில் நாதம் நிற்கவில்லை, இங்கே அருமையாகப் பேசுகிறது’ என்று திரும்பி வந்து சொல்கிறவர்தான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நீங்கள் அந்த ஆளாக இருந்தால் எந்தப் பட்டறையிலும் உங்களுக்கு ஒரு பலகை போட்டு உட்காரச் சொல்வார்கள். கீழே வருகிற யோசனைகள் எல்லாம் இதற்குத் துணை.

நம் ஊருக்கு இசையில் என்ன பெயர் என்று வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1952-இல் சங்கீத நாடக அகாடமி தன் முதல் விருதுகளைக் கொடுத்தபோது, கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் பெற்றார்கள். வயலினுக்குக் குன்னக்குடி, மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணி என்று பட்டியல் நீளும். ஆனால் இவர்கள் கையில் இருந்த கருவிகள் பெரும்பாலும் வெளியூர்ப் பட்டறைகளிலிருந்து வந்தவை. ஆகவே கொஞ்சம் பயணம் உண்டு.

முதலில் மானாமதுரை

மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். காரைக்குடியில் ரயில் ஏறினால் கல்லல், சிவகங்கை தாண்டி மானாமதுரை, நம் மாவட்டமேதான். கடம் வாசிப்பவர்களுக்கு அந்தப் பெயர் போதும். அந்த ஊர் மீனாட்சி கேசவன், கடம் செய்ததற்காகவே சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். வித்வான்களுக்குக் கொடுக்கிற அகாடமி, மண் பிசைந்து கருவி செய்த ஒரு பெண்ணையும் அழைத்துக் கௌரவித்தது என்பதை நம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தர வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது போவது என்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது. சூளை வைப்பதும் சிரமம். கார்த்திகை அகல்விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் வேலை நெருக்கும். அந்த நாட்களில் போய் நின்றால் அவர்கள் பிழைப்பில் குறுக்கே நிற்கிறோம். மாசியிலிருந்து வைகாசி வரை வெயில் காயும் மாதங்கள்தான் நிதானமாகப் பேசக் கிடைப்பவை. காலையில் போங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

போவதற்கு முன் உங்கள் சுருதி என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். கடத்துக்குச் சுருதி நெருப்பிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டோ களிமண் அப்பியோ இம்மி அளவு மாற்றலாமே தவிர, ஒரு கட்டைக் கடத்தை ஐந்து கட்டை ஆக்க முடியாது. ஈர மண்ணாக இருக்கும்போது ஒரு அளவு, காய்ந்தபின் ஒரு அளவு, வெந்தபின் இன்னொரு அளவு. கடைசியில் எந்தச் சுருதியில் நிற்கும் என்பதை ஈரத்திலேயே கணித்துத்தான் சக்கரத்தில் மண்ணை வைக்கிறார்கள். ‘நல்ல கடமா ஒண்ணு வேணும்’ என்று சொன்னால் அவர்களுக்குப் பிடி கிடைக்காது. ‘ஐந்து கட்டை, பெண் குரலுக்கு வாசிக்கிறேன், மைக் இல்லாத கூடத்தில்’ என்று சொன்னால் அந்த நிமிடமே உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

வேலை நடக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சக்கரத்திலிருந்து இறங்கும்போது பானையின் சுவர் தடியாக இருக்கும், அடிப்பக்கம் திறந்திருக்கும். ஈரம் பாதி வாங்கியபின், உள்ளே ஒரு கையில் கல்லை வைத்துத் தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். சுவரையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டு விழும். ஒவ்வொரு தட்டின் ஓசையையும் காது கவனித்துக்கொண்டே இருக்கிறது. கனம் கூடின இடத்தில் ஓசை மந்தமாகும், பலகை அங்கேயே திரும்ப விழும். சமையல் பானைக்கு இவ்வளவு தேவையில்லை. இது முழுக்க நாதத்துக்காகச் செய்கிற வேலை.

வெந்த கடத்தைக் கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் தட்டிவிட்டுத் தலையாட்டாதீர்கள். மடியில் வைத்து, கழுத்து, வயிறு, அடி என்று மூன்று இடத்திலும் தட்டுங்கள். பிறகு பானையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வயிற்றின் சுற்றளவு முழுக்க ஒரே விரலால் தட்டிக்கொண்டே போங்கள். சுருதி எங்காவது சற்று ஏறினாலோ இறங்கினாலோ அந்த இடத்தில் சுவரின் கனம் மாறியிருக்கிறது. மானாமதுரைக் கடம் கனமானது. விரல் பழகாதவருக்கு முதலில் வலிக்கும். அந்தக் கனத்திலிருந்துதான் உலோகம் போன்ற அந்தக் கணீர் ஒலி வருகிறது. எடை குறைந்ததாகக் கேட்டு வாங்கிவிட்டு ஒலி போதவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

மண் கலவையைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். எந்தக் கண்மாய் மண், எதை எவ்வளவு சேர்ப்பது என்பது குடும்பத்துச் சொத்து. அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. மூலையில் ஒதுக்கி வைத்த கடம் ஒன்றைக் காட்டி, ‘இது ஏம்மா வேண்டாம்னு வச்சிட்டீங்க?’ என்று கேளுங்கள். எடுத்து வந்து தட்டிக் காட்டுவார்கள். நமக்கு முதலில் எந்தக் குறையும் கேட்காது. நல்லதையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றித் தட்டச் சொல்லுங்கள். சில நிமிடத்தில் வித்தியாசம் பிடிபடும். செய்கிறவர் காது எதை நிராகரிக்கிறது என்று தெரிந்துகொண்டால், அவருடன் பேசுவதற்கான பாதி வழி திறந்துவிட்டது.

வீணையோடு தஞ்சாவூருக்கு

செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றில் பாட்டி காலத்து வீணை ஒன்று பெட்டக அறையில் துணி சுற்றிக் கிடக்கும். அதை அலங்காரப் பொருளாகப் பழம்பொருள் கடைக்குக் கொடுக்கும் முன்பும், பாலிஷ் போடுகிறவரிடம் கொடுக்கும் முன்பும் ஒருமுறை தஞ்சாவூர் ஆசாரியிடம் காட்டுங்கள். புதுக்கோட்டை வழியாகப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வழியில் சாப்பிட இறங்கும்போது வீணையை வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிடாதீர்கள். மெட்டுகளைப் பிடித்திருப்பது மெழுகு. காருக்குள் ஏறுகிற சூட்டில் இளகி மெட்டு நகர்ந்துவிடும்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. பண்ருட்டிப் பலாவுக்கு மதிப்பு அதிகம். தஞ்சாவூர் வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. உங்கள் வீட்டு வீணை எது என்று ஆசாரியையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் இணைப்பைத் தேடி விரலை ஓட்டுவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

வீணைக்காரரோடு பழக ஆகச் சிறந்த சந்தர்ப்பம் புது வீணை வாங்குவதில் இல்லை. மேளம் கட்டுவதில், அதாவது மெட்டுகளை மெழுகில் பதிப்பதில்தான் இருக்கிறது. மெழுகு நாளாக ஆக இறுகி உதிரும், மெட்டு இடம் மாறும், மேளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டி வரும். கொடுத்துவிட்டுப் போய் மறுவாரம் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் செய்யாமல், ‘ஐயா, கூட இருந்து பாக்கலாமா?’ என்று அனுமதி கேட்டு உட்காருங்கள். மெழுகைத் தண்டியின் இருபுறமும் வரப்பு மாதிரி ஏற்றி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, சாரணியை மீட்டிக் கேட்டு, நகத்தின் அளவுக்கு நகர்த்தி, மறுபடி மீட்டி, இருபத்துநான்கு மெட்டும் நிற்கும் வரை அவர் காதை எடுக்கமாட்டார். மந்தரக் கம்பிக்குச் சரியாக வைத்தது சாரணிக் கம்பிக்கு இம்மி விலகும். இரண்டுக்கும் ஒத்துப்போகிற இடத்தை அவர் தேர்ந்தெடுக்கிறார். கருவியின் குணத்தை நிர்ணயிக்கிற முடிவு இது. அங்கே நீங்கள் வாய் திறக்கலாம், உங்கள் பாணி என்ன என்று சொல்லலாம்.

சொல்வதைவிட வாசித்துக் காட்டுவது மேல். தோடியில் ஒரு பிடி வாசியுங்கள். ஒரே மெட்டில் கம்பியை எவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள், இடது கை எங்கே அழுத்துகிறது என்பதை அவர் பார்க்கட்டும். அதற்கேற்பக் கம்பியின் பருமன், குதிரையின் மேலிருக்கும் தகட்டின் சாய்வு, மெட்டின் உயரம் எல்லாவற்றையும் அவரால் மாற்ற முடியும். சாம்பசிவ ஐயரின் அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். கருவி ஒன்றேயானாலும் உடம்பும் கையும் மாறினால் அதனிடம் கேட்பதும் மாறும். பிற்காலத்தில் கலாக்ஷேத்திரத்தில் இருந்து சாம்பசிவ ஐயர் கற்பித்த பாணியை இன்று பழகுகிறவர்கள், ‘காரைக்குடி பாணி’ என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. இரண்டு ஆவர்த்தனம் தானம் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படி வாசித்துக் காட்டியதால் பிறந்த கருவி ஒன்று உலகம் சுற்றியிருக்கிறது. கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் மெட்டு உயரமாக நிற்கும், விரல் மரத்தைத் தொடாது. அதனால்தான் கம்பியை அவ்வளவு தூரம் இழுக்க முடிகிறது. கிதாரில் அது முடியாது என்று அவர் விட்டுவிடவில்லை. கிப்ஸன் நிறுவனத்தில் இருந்த கருவிக் கலைஞர் ஏபிரகாம் வெக்டர், மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கி, சுருதிக் கம்பிகளையும் குறுக்கே ஓட்டி, ஒரு கிதாரைச் செய்து கொடுத்தார். விக்கு விநாயக்ராமின் கடத்தோடு ‘சக்தி’ குழுவில் ஒலித்த கிதார் அதுதான். நம் வீணையின் மெட்டு உயரம் அந்த மரத்தில் குழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று விரலால் காட்டத் தெரிந்த வாசிப்பவரும், அதை உளியால் பிடிக்கத் தெரிந்த கலைஞரும் சேர்ந்ததால் வந்தது.

ஆச்சா மரமும் இடிபடும் வீடும்

நாகஸ்வரத்துக்குக் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. 2022-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு வழக்கில் இருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி நாயனம். பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் டி.என். ராஜரத்தினம் பிள்ளை சுருதியை இறக்கி வாசிக்க விரும்பினார், சுத்த மத்யமம் துல்லியமாகப் பேச வேண்டும் என்றார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தை அதற்கேற்ற துளைக் கணக்கோடு செய்து கொடுத்தார். இன்று கோயில் வாசலில் நாம் கேட்பது அந்த இருவரின் உரையாடலில் பிறந்த ஒலி. நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அங்கே போகிறவர்களுக்கு ஒரே யோசனை. நாகஸ்வரத்தின் உடலை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். புது மரம் ஆகாது. பல பத்தாண்டுகள் காய்ந்து நின்ற மரம் வேண்டும். அதனால் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது வருகிற மரத்தைத் தேடுகிறார்கள். செட்டிநாட்டில் வீடு பிரிப்பது வாரந்தோறும் நடக்கிறது. பெரும்பாலும் பர்மாத் தேக்குதான் வரும். அதற்கு வேறு சந்தை இருக்கிறது. ஆனால் உங்கள் சொந்தத்தில் ஒரு வீடு பிரிக்கப்பட்டு, அதில் ஒரு உத்தரமோ சட்டமோ ஆச்சா என்று தச்சர் சொன்னால், விறகுக்குப் போகும் முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அதைவிட நல்ல அறிமுகக் கடிதம் உங்களுக்குக் கிடைக்காது.

தோல் வேலை செய்கிறவரிடம்

மிருதங்கத்தைப் பற்றி எழுதும்போது சில விஷயங்களை நேராகப் பேச வேண்டியிருக்கிறது. பலாக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார், வலந்தலையில் கல்பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றித் தேய்த்த கருமை. இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்த நாதம். தோல் வாத்தியத்தில் ஸ்வரம் ஒத்திசைவாக எழுவது எப்படி என்று சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் ஆராய்ந்த அந்தக் கருமையை ஏற்றுகிற கையோ பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கை. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து அத்தகைய தஞ்சாவூர்க் குடும்பத்தவர். இந்தக் குடும்பங்களின் கதையை டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். மேடையில் வாசிப்பவரின் பெயர் சொல்லப்பட்டது. கருவி செய்தவர் பல வீடுகளில் திண்ணையைத் தாண்டி அழைக்கப்படவில்லை.

ஆகவே அங்கே போகும்போது முதலில் திருத்த வேண்டியது நம் கூப்பிடும் முறை. வயதில் பெரியவரை ‘ஐயா’ என்றும், கொஞ்சம் மூத்தவரை ‘அண்ணே’ என்றும் கூப்பிடுங்கள். ‘ஏம்ப்பா, இது எப்ப முடியும்?’ என்று கேட்டுப் பழகிய நாக்கை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தோல் ஊறுகிற வாடைக்கு மூக்கைப் பொத்தாதீர்கள். டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அவர் உங்கள் வீட்டுக்குக் கருவி கொண்டுவந்தால், உள்ளே கூடத்தில் உட்கார வையுங்கள். மிருதங்கம் எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே அவரும் உட்காரலாம். இதில் தயக்கம் உள்ளவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் மற்ற யோசனைகள் எதுவும் பயன்படாது.

மார்கழி சீசனுக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. புது மூட்டு வேண்டுமானால் ஆவணி, புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

சுற்றுப்பலகை வரைகிறவர்கள்

மரமும் மண்ணும் தோலும் மட்டும்தான் கருவி என்று நினைக்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. தம்பூரா தூக்கிப்போக ஆள் இல்லாத காலத்தில் எத்தனையோ குழந்தைகள் சுருதியோடு சாதகம் செய்ய முடிந்ததற்கு மின்னணுத் தம்பூரா காரணம். அதைக் கொண்டுவந்த பெங்களூர் ஜி. ராஜ் நாராயண், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பொறியாளர். தானே புல்லாங்குழல் வாசிப்பவர். 1979-இல் ரேடெல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஊரில் டாக்டர் கே. வரதரங்கன் என்ற இன்னொரு பொறியாளர் தோலில்லாத மிருதங்கத்தை உருவாக்கியிருக்கிறார். இவர்களைப் போன்றவர்களிடம் பேச, ‘ஒலி செயற்கையாக இருக்கிறது’ என்ற குறை போதாது. எந்தச் சுருதியில், எந்த நேரத்தில், எந்த ஒலிபெருக்கியில் என்று எழுதுங்கள். நல்ல தம்பூராவையும் கருவியையும் ஒரே அறையில் பதிவு செய்து இரண்டு பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். பொறியாளர்களுக்கு அது விருந்து. காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவர்களில் பாட்டு பழகுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். அடுத்த கருவியை வடிவமைக்கப் போகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பணமும் பெயரும்

பேரம் பேசாதீர்கள். விலை உங்களுக்குக் கட்டுப்படவில்லை என்றால், ‘இவ்வளவுதான் என்னால முடியும், இதுக்குள்ள என்ன செய்யலாம்?’ என்று கேட்பது நேர்மை. முன்பணம் கொடுங்கள். சொன்ன தேதி தள்ளிப்போனால் மழையா, மரமா என்று விசாரியுங்கள். காயாத மரத்தில் அவசரப்படுத்தி வாங்கிய கருவி பிறகு வெடிப்பது உங்கள் வீட்டில்தான். பட்டறையில் கைப்பேசியை எடுக்கும் முன் கேளுங்கள். படம் எடுத்து எங்காவது போட்டால் செய்தவரின் பெயரை அவர் சொல்கிறபடி போடுங்கள். பழுதுக்கு மட்டும் போனாலும், உங்களுக்காகச் செலவழித்த நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள்: எந்த மெட்டில் இரைச்சல், எந்த வானிலையில் வலந்தலை இறங்கியது, கடத்தின் எந்தப் பக்கம் கைக்கு இதமாக இருந்தது. நல்லதையும் எழுதுங்கள்; குறை மட்டும் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். அடுத்து அவர் செய்யும் கருவியில் உங்கள் குறிப்பு எங்காவது இருக்கும்.

அரங்கேற்றமோ கோயில் கச்சேரியோ வரும்போது, பக்கவாத்தியக்காரர் பெயர்களுக்குக் கீழே கருவி செய்தவரின் பெயரையும் அழைப்பிதழில் அச்சடியுங்கள். நேரில் போய் அழையுங்கள். பெரும்பாலும் அவர்கள் தாங்கள் செய்த கருவியை மேடையில் கேட்டதே இல்லை. முன்வரிசையில் இடம் வையுங்கள். மானாமதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்துபோக ஒருநாள் கூலி போகும் என்பதை நினைவில் வைத்து, அந்தத் தொகையையும் வண்டிச் செலவையும் அழைக்கும்போதே வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிடுங்கள்.